செவ்வாய்க்கிழமைப் புகை

ஓரேப் சபையின் தலைமை மூப்பர் புரோசர், மழையையும் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு எம்ரிஸின் வீட்டுக்குள் நுழைந்தார். மறைந்த பெரும் பிரசங்கியார் எலியாஸ் பென்னன்டின் எண்ணெய் வண்ணப் படத்தைக் காணவில்லை. ஞாயிறன்று அவர் பிறந்த நூற்றாண்டு விழா. அதற்காகப் பதினோரு கூட்டம் போட்டிருந்தார்கள். நினைவுப் பித்தளைத் தகட்டில் புரோசரின் பெயர் பிரசங்கியாருக்கு மேலேயா கீழேயா என்பதிலேயே ஒன்பது போயிற்று.

"பூட்டு உடையல. சாவி காவக்காரன் ட்யூடர்கிட்ட. சாயங்காலத்துக்குள்ள படம் வரலேன்னா, பொண்டாட்டி புள்ளையோட சபை வீட்டக் காலி பண்ணட்டும்."

"எதிர்த்தெரு பாப்திஸ்து சபைக்காரங்க வேல மச்சான்!" என்றார் இயுவான். எம்ரிஸ் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். தங்கை கணவரான இயுவான் ஓய்வுபெற்ற தபால்காரர், ஆனால் கைது செய்யும் ஆசை இவருக்குத்தான்.

சபையில் ட்யூடர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். "திங்கக்கிழம பித்தளை துலக்க மார்வித்தம்மாவும் சாவி வாங்குவாங்க. நேத்து துணி மூட்டையோட போனாங்க. திங்கக்கிழம ஊருக்கே துவைக்கிற நாள்தானே."

"அது வேலைக்காரிய்யா. அதுக்கு ஓவியத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார் புரோசர்.

படம் இருந்த இடத்தில் எம்ரிஸ் விரலால் தடவிப் பார்த்தார். தூசியே இல்லை. வெளியே வந்து சரிவில் இறங்கும் கூரைகளைப் பார்த்தார். எல்லா வீட்டிலும் அடுப்படிப் புகை. ஒரு வீட்டில் மட்டும் இரண்டு புகை.

"மார்வித்தம்மா வீட்டு முன்னறைக் கணப்புல நெருப்பா?" இயுவான் திகைத்தார். "போதகர் வந்தா மூட்டுவாங்க, இல்ல எழவு விழுந்தா. யாரும் சாகல. போதகரும் கார்டிஃப்ல."

"அப்ப விருந்தாளி யாரு?"

புரோசரோடு மூவரும் போனார்கள். மார்வித் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் கதவைத் திறந்தாள். முன்னறையில் கை வைத்த நாற்காலியில் பிரசங்கியார். எதிரே இரண்டு கோப்பைகள்; ஒன்றில் தேநீர் ஆறி ஏடு படிந்திருந்தது.

"எடுத்த இடத்தத் துடைச்சுட்டுப் போற திருடன நான் பாத்ததில்லம்மா," என்றார் எம்ரிஸ்.

"முப்பது வருஷம் அவருக்குச் சமைச்சேன். தேநீர் கொண்டுபோய் வைப்பேன். 'நீயும் உக்காரு'ன்னு ஒரு தடவ சொன்னதில்ல. அதான் நானே கூப்பிட்டு உக்கார வச்சேன். நாளைக்கு மாட்டிருப்பேன்."

"ட்யூடர் வீடு போகப்போகுது, தெரியுமா?"

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ! எங்கிட்ட யாரு வந்து சொல்றா?"

"திருட்டு!" என்று கர்ஜித்தார் புரோசர்.

எம்ரிஸ் படத்தை மறைத்துக்கொண்டு நின்றார். "பதினோரு கூட்டம் போட்டீங்களே மூப்பரே, பிரசங்கியார் கண்ணு என்ன நிறம்?"

புரோசர் யோசித்தார். "ஒரு... கம்பீரமான நிறம்."

"பழுப்பு," என்றாள் மார்வித். "எடது இமை கொஞ்சம் தொங்கும். தூக்கம் வந்தா ரெண்டும்."

"இத ஞாயித்துக்கிழம மேடையில நான் சொல்லட்டுமா?" என்றார் எம்ரிஸ்.

வேண்டாம் என்றார் புரோசர். படம் தூசி தட்டப் போயிருந்ததாகப் பன்னிரண்டாம் கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. ட்யூடரின் வீடு ட்யூடருக்கே என்றும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இயுவான் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மச்சான்! அந்த வீட்டுல மறுபடியும் ரெண்டு புகை! ஆனா படம் சபைச் சுவர்லதான் இருக்கு, இப்பத்தான் பாத்தேன்!"

எம்ரிஸ் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"செருப்புச் சேத்தத் துடைங்க மாப்ள," என்றார். "இன்னைக்கு விருந்தாளி நாமதான்."