கடைசிப் பலகை

மூன்றாவது தட்டு அவன் தட்டியதல்ல.

ஒவ்வொரு மரச்சட்டத்துக்கும் இரண்டு தட்டு என்பது காலையில் கணவனும் மனைவியும் பேசி வைத்த ஏற்பாடு. கூரைக்கு அடியிலிருந்த மச்சை மகளுக்கு அறையாக்கும் வேலை. கூரை சரிந்து தரையைத் தொடும் பக்கத்தில், கூரையை முட்டும்படி இடுப்புயரத்துக்கு ஒரு சுவர். மரச்சட்டங்களை நிறுத்தியாயிற்று, பலகை அடிப்பதுதான் பாக்கி. பலகையை வைத்துவிட்டால் பின்னாலிருக்கும் சட்டம் அவளுக்குத் தெரியாது. அதனால் அவன் சுவருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு சட்டத்தில் தட்டுவான். சத்தம் வந்த இடத்தில் அவள் ஆணி அடிப்பாள். பென்சிலால் கோடு போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. "கோடு போட்டு அடிக்கிறதெல்லாம் கத்துக்குட்டி வேலை" என்று பெருமையடித்தது அவன்தான். தன் கையே தனக்கு உதவி என்று ஆள் வைக்காமல் இறங்கியவனுக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

"மூணு தட்டு கேட்டுச்சே?" என்றாள் வெளியிலிருந்து.

"ரெண்டுதான் தட்டினேன். உன் காதுக்கு எப்பவும் ஒண்ணு கூடத்தான்."

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தட்டு அவன் காலுக்குப் பின்னால், கூரை தாழ்ந்து இருட்டோடு ஒட்டிக்கொள்ளும் மூலையிலிருந்து வந்தது. அங்கே எலிக்குத்தான் இடமிருந்தது.

பலகை பலகையாக வெளிச்சம் குறைந்தது. மதிய வெயிலில் கூரை காய்ந்து முதுகின் மேல் அனலாய் இறங்க, மரத்தூளின் இனிப்பு வாசனை தொண்டையில் அப்பிக்கொள்ள, அவன் முழங்கையை ஊன்றி ஊன்றி, அவன் வெளியேற விட்டிருந்த கடைசித் திறப்பை நோக்கி நகர்ந்தபோது, மூலையிலிருந்து இன்னொரு வாடை வந்தது. அவனுடைய வியர்வை வாடையேதான். அது அவன் இல்லாத இடத்திலிருந்து வந்தது. அவனுக்குப் பயமாக இருந்தது.

திரும்பிப் பார்க்க இடமில்லை. இன்னும் நாலடி போனால் திறப்பு.

அப்போது ஏதோ ஒன்று அவன் முதுகின் மேல் ஊர்ந்தது. கனமே இல்லை. ஆனால் முழங்கால் இருந்தது. முழங்கை இருந்தது. பிடரியில் மூச்சு பட்டது. அவனைக் கடந்து திறப்பின் வழியே வெளியே போனது.

அவன் கத்தினான். வாய் திறந்தது. குரல் வரவில்லை.

"ஆச்சு. கடைசிப் பலகைய வச்சிடு" என்றது அவன் குரல், வெளியிலிருந்து.

"சட்டையெல்லாம் ஒரே தூசி, பாருங்க" என்று அவள் தட்டிவிடும் சத்தம் கேட்டது. பிறகு திறப்பின் மேல் பலகை வந்து உட்கார்ந்தது.

இருட்டு.

அவன் தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான்.

"என்னங்க, உள்ள தட்டுது?"

"வெயிலுக்கு மரம் நெட்டி முறிக்கிற சத்தம். சத்தம் வர்ற இடத்துலதான் சட்டம். அடி."

அவள் அடித்தாள். ஆணி அவன் விரலிடுக்கில் வந்து நின்றது. நகர்ந்து தட்டினான். அங்கேயும் ஆணி. தட்டத் தட்ட ஆணி.

கைகள் ஓய்ந்தன.

காலையில் கோணிப்போன ஓர் ஆணியைப் பிடுங்கிய ஓட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. அவன் கண்ணை வைத்தான். அவன் சட்டை. அவன் முதுகு. காதில் பென்சில். மனைவி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். படியில் தடதடவென்று சத்தம். பள்ளியிலிருந்து மகள் வந்துவிட்டாள். ஆணி ஓட்டைகளைப் பட்டி மாவு வைத்து அடைக்கிற வேலை அவளுக்குத்தான் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

குட்டி ஓடி வந்தாள். ஓட்டைக்கு நேராக அவள் கண் வந்தது.

"அப்பா! உள்ள ஒரு கண்ணு இருக்கு."

அவன் இமைத்தான். இமைத்துக்கொண்டே இருந்தான். நான்தான்டா. உன் அப்பா.

"ஆணி மினுங்குது கண்ணு. காலையில சொல்லிக் கொடுத்தேன்ல? விரல் தடம் பதியுற மாதிரி அழுத்தணும்."

அப்பா சொல்லை அவள் தட்டமாட்டாள். சின்னக் கட்டைவிரல், நுனியில் வெள்ளைப் பட்டி, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வந்தது. அவள் நன்றாக அழுத்தினாள். பட்டி உள்பக்கம் பிதுங்கி, ஈரமாக, அவன் இமையைத் தொட்டது.