நாற்பத்தோராவது பெட்டி

ஆறு மணி, பூஜ்ஜியம் நிமிடம், பூஜ்ஜியம் நொடி. அதற்கு முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும்.

அனுசுயா மடிக்கணினியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டாள். பெரம்பலூரில் அவளும் கணவனும் வாடகைக்கு எடுத்திருந்த சின்ன மண்டபத்தில் பந்தி முடிந்து, இலை எடுக்கும் சரசரப்பும் சாம்பார் அண்டாவை இழுக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. மேசைமேல் நாற்பது பெட்டிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தந்த வீட்டுக்காரரின் பெயர். நாற்பத்தோராவது மட்டும் வரவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, புதிதாகக் கல்யாணமான அவளும் முத்தமிழ்செல்வனும் ஆரம்பித்த வேலை அது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க, இணைய சிக்னலை ஒரு மொட்டைமாடியிலிருந்து அடுத்ததற்குக் கடத்தும் பெட்டிகள், சிறுவாச்சூரிலிருந்து கல்லங்குறிச்சி தாண்டி வரை. அதை இயக்கும் கணினி நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். பிறகு பெட்டிக்கு இன்னொரு வேலை வந்தது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் அது மணி அடிக்கும். வீட்டில் இருப்பவர் பொத்தானை அழுத்தும்வரை இணையப் பக்கத்தில் அவர் பெயர் சிவப்பாக இருக்கும்; அழுத்தினால் எதிரே 'இருக்கேன்' என்று பச்சையில் வரும். தனியாக இருப்பவர்களுக்கு யாரோ தன்னைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு தெம்பு. நாற்பத்தோரு வீடும் நூறு நாள் ஒரு வேளைகூடத் தவறாமல் பச்சையில் இருந்துவிட்டால் இலக்கை எட்டிவிட்டோம், திட்டத்தை முடித்து ஊர்க்காரர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று முதலிலேயே எழுதிவைத்திருந்தார்கள். ஒரு வேளை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

நேற்று நூறு முடிந்தது. அதற்குத்தான் இன்று இந்த விருந்து, எல்லோரும் பெட்டியோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

வராத பெட்டிக்குச் சொந்தக்காரியான லீலாவதி அக்கா எப்போதும் ஆறு நாலுக்கு அழுத்துவாள். சில நாள் ஆறு பதினொன்று. ஒருமுறை ஆறரைக்கு அழுத்திவிட்டு, தோசை தீய்ஞ்சிடும்னு நின்னுட்டேன்டி என்று போன் செய்தாள். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் சமைத்து ஓய்வுபெற்றவள். திட்டத்துக்கு முதல் மாடியைக் கொடுத்தவள். அவள் நொடி பிசகாமல் அழுத்த மாட்டாள். ஆனால் ஐம்பத்து மூன்றாம் நாளிலிருந்து அப்படித்தான் இருந்தது.

நிரலில் கடைசியாகச் செய்த திருத்தங்களைத் திறந்தாள். எல்லோருக்கும் திறந்து கிடந்த பக்கம். யாருமே படிக்காத பக்கம். ஐம்பத்து மூன்றாம் நாள் இரவு ஒரே ஒரு வரி சேர்ந்திருந்தது. லீலாவதியின் பெட்டி பதில் சொல்லாவிட்டாலும் சொன்னதாக வைத்துக்கொள். எழுதியவர் பெயர், முத்தமிழ்செல்வன்.

வெற்றிலைத் தட்டோடு வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நின்றான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"ஒரு நாள் மறந்துட்டாங்கன்னு நினைச்சேன் அனு. பாதி தாண்டியாச்சு. மறுபடி முதல்லேருந்தான்னு எல்லாரும் கேப்பாங்க."

"அந்த வரியை மறுநாள் எடுத்திருக்கலாமே."

அவன் தட்டை மேசையோரம் வைத்தான். எடுத்திருந்தால் மறுநாளும் சிவப்பாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு முறை அக்காவின் போன் அணைந்திருந்தபோது, அவங்கதான் பச்சையில இருக்காங்களே, மகன் ராஜவேலைப் பாக்கத் திருப்பூர் போயிருப்பாங்க என்று அவள் தலையைத் தடவிச் சொன்னவன் இவன். அவளும் நம்பித் தூங்கினாள். மகன் வீட்டில் இருப்பவள் இங்கே எப்படிப் பொத்தானை அழுத்துவாள் என்று அப்போது தோன்றவே இல்லை.

அந்த வரியை அவளே அழித்தாள். நாற்பத்தெட்டு நாளும் ஒரே நொடியில் சிவப்பாயின. இனி நிஜமான விரல் அழுத்தினால்தான் பச்சை.

அவன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

வழியில் நிறுத்தி ராஜவேலிடம் பேசினாள். அம்மா இங்கே வரவில்லையே என்றான். தினமும் காலையில் உங்க பக்கத்தைப் பார்ப்பேன், பச்சை தெரிந்ததும் வேலைக்குப் போய்விடுவேன் என்றான். அவள் போனை வைத்துவிட்டு வண்டியை முடுக்கினாள்.

அரியலூரைத் தாண்டியதும் சிமெண்டு லாரிகள் கிளப்பிய தூசி நாக்கில் உப்புக் கரித்தது. கல்லங்குறிச்சிக் கோபுரம் பின்னால் போனது. மக்காச்சோளத் தட்டைகள் முடிந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் குழி, வெயிலில் கண் கூசும்படி வெள்ளையாக வாயைப் பிளந்து கிடந்தது. குழி நெருங்க நெருங்க அக்கம்பக்கத்தார் இடம் மாறிவிட்டார்கள். அக்காவின் வீடு ஒன்றுதான் மிச்சம். அதற்குக் கம்பி கொண்டுவந்த மின்கம்பங்களையும் பிடுங்கியிருந்தார்கள். வேரோடு பிடுங்கிய பள்ளங்களில் பழைய மழைத்தண்ணீர் வற்றி, சேறு வெடித்திருந்தது.

மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

வாசலில் விரல் கனத்துக்கு வெள்ளைத் தூசி. ஒரு கோழித்தடம்கூட இல்லை. அவள் இறங்கி நடந்தபோது செருப்பின் அச்சு ஒவ்வொன்றாகப் பின்னால் விழுந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. காற்றில் லேசாக, வெகுநாள் மூடிவைத்த அரிசிப்பானையைத் திறந்தது போல ஒரு வாசனை.

அக்கா என்று கூப்பிட்டாள். குழியின் அடியிலிருந்து வேலை முடியும் சங்கு ஊதி ஓய்ந்தது.

ஆறு மணி. கைப்பேசியில் சிவப்பு.

ஆறு ஒன்று. சிவப்பு. ஆறு இரண்டு. நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள். நாற்பத்தெட்டு நாள். நானும் வரவில்லையே. ஒரு நாள்கூட வரவில்லையே.

ஆறு நாலு.

உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பொத்தானின் சத்தம். கைப்பேசியில் பச்சை. லீலாவதி, இருக்கேன்.

அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து. இருக்கிறாள். அதே ஆறு நாலு. காலில் அடிபட்டுக் கிடந்திருப்பாள், எழுந்து வர முடியாமல். "அக்கா, நான் அனு வந்துட்டேன், இருங்க" என்று கத்திக்கொண்டே பக்கவாட்டுக்கு ஓடி, சமையலறை ஜன்னலை இரண்டு கையாலும் தள்ளினாள். கீல் முனகிக்கொண்டு திறந்தது.

வாசனை இப்போது லேசாக இல்லை.

அடுப்பில் தோசைக்கல். அதன்மேல் கறுப்பாக ஒரு வட்டம். பெட்டி மாட்டியிருந்த சுவரோடு சாய்ந்து லீலாவதி அக்கா உட்கார்ந்திருந்தாள். நீலச் சேலை. தலை ஒரு பக்கம் சாய்ந்து, முகத்தின்மேல் கூரையிலிருந்து உதிர்ந்த தூசி படிந்து. கண் இருந்த இடத்திலும் தூசி. காய்ந்த புளியம்பட்டை போன்ற கழுத்து. அவள் செத்து எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. அது பார்த்ததுமே தெரிந்தது.

வலது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. கட்டைவிரல் பொத்தான்மேல். அதில் மட்டும் தூசி இல்லை.

பெட்டிக்கு மின்சாரம் இல்லை. அதன் ஒயர் அறுந்து தரையில் கிடந்தது. ஆனாலும் பச்சை விளக்கு.

அனுசுயா நகரவில்லை. நகர முடியவில்லை. உள்ளங்கையில் கைப்பேசி அதிர்ந்தது. அழைப்பவர் பெயரைப் பார்க்காமலே எடுத்தாள். முத்தமிழ்தான். குரலில் எவ்வளவு நிம்மதி.

"அனு, பக்கத்தைப் பாரேன். விட்டுப்போன நாளெல்லாம் ஒண்ணொண்ணாப் பச்சையாவுது. ஐம்பத்து மூணு, ஐம்பத்து நாலு... அக்கா நல்லாத்தானே இருக்காங்க? நான் சொன்னேன்ல."

டக்.

கட்டைவிரல் மெல்ல எழுந்தது. தோல் பொத்தானில் ஒட்டி, பிரிந்து.

டக்.

"ஐம்பத்தஞ்சு" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

சுவரில் சாய்ந்திருந்த தலை, கழுத்திலிருந்து தூசி பொலபொலவென உதிர, ஜன்னல் பக்கம் திரும்பத் தொடங்கியது. விரல் மட்டும் நிற்கவில்லை.

டக்.