நோவளவியும் கொல்லிப் பண்ணும்

கூதிர் முதிர்ந்து முன்பனி தொடங்கும் சந்தியில் தஞ்சைச் சமவெளி நெடுநாள் நோயாளியைப்போல் ஒடுங்கிக் கிடக்கும். வானம் பொழிவதுமில்லை, வெளுப்பதுமில்லை. வயலில் தேங்கிய நீர் ஈயத்தகடாய் ஒளியிழந்து விரிய, கொக்குகள் எதையோ மறந்துவிட்டவைபோல் ஒற்றைக்காலில் நிற்கும். உடைந்து கூடிய எலும்புகளே பனியின் வரவை முதலில் அறியும். ஆகவேதான் வலியை அளந்து இழப்பீடு வழங்கும் நோவு மன்றத்தில் இப்பருவத்துத் தேதிக்கு அத்தனை போட்டி. வலி மிகும் காலத்தில் அளந்தால் தொகையும் மிகும்.

அப்படி ஒரு தேதியை ஆறு திங்கள் காத்திருந்து பெற்ற கருந்தார்குழலி, மன்றத்து வாயிலில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தாள். நாற்காலியைத் தள்ளி வந்த வழக்கறிஞர் அமலோற்பவம் குனிந்து அவள் காதோரம் பேசினாள்.

"அக்கா, போன தடவ மாதிரி பண்ணிடாதீங்க. உள்ள போனதும் கண்ண மூடிட்டுப் பாட ஆரம்பிச்சிட்டீங்க. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவ நானே சொல்றேன். அரை மணி நேரம் சாமிய மறந்துடுங்க."

"மறக்கறதுக்கு எங்க போய்ப் பழகறது, அமலா?"

"என் வீட்டுக்காரர நினைச்சுக்குங்க. சாமி தானா மறந்துபோவும்."

குழலி சிரித்தாள். இடுப்பு நரம்பு அந்தச் சிரிப்புக்கும் தண்டனை கொடுத்தது.

முன்பெல்லாம் சாலை விபத்தில் அடிபட்டோர் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினர். நோவளவி வந்தபின் அரை மணி போதும். நெற்றியில் ஒரு பட்டை, முதுகுத்தண்டில் ஏழு உணர்முனைகள். உடல் உள்ளபடி எவ்வளவு நோகிறது என்பதை நூறு அலகில் அது எழுதிவிடும். அதனிடம் நடிப்பும் செல்லாது, கண்ணீரும் செல்லாது. ஆனால் தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. அம்மன்றத்தில் அதே உறுப்புக்கு அண்மையில் முடிந்த நூறு வழக்குகளின் சராசரியை வழமைத்தொகை என்பர்; அதற்குமேல் கால்பங்கைத் தாண்டி எவருக்கும் கிடையாது.

குழலி கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார். அவள் ஏறிவந்த ஓட்டுநரில்லாத் தன்னூர்தி மழைநீர்ப் பரப்பைச் சாலை என்று எண்ணி வாய்க்காலில் கவிழ்ந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே நெருப்பு மட்டுமே இருந்தது. நரம்பிணைப்புச் சிகிச்சைக்கு நாற்பது இலட்சம் வேண்டும். அது நடந்தால் சந்நிதியில் மீண்டும் எழுந்து நிற்கலாம். ஓதுவார் நின்றே பாடுவது மரபு. இறைவன்முன் அமர்ந்து வாய் திறக்க அவள் மனம் இசையவில்லை. ஓராண்டாய்ச் சந்நிதிக்குப் போகவுமில்லை.

முதல் அளவையில் வலி பொறுக்காமல், படுக்கையில் கிடந்தபடியே கொல்லிப் பண்ணில் ஒரு பதிகம் அவளையறியாமல் எழுந்தது. நோவளவி பதினோர் அலகு காட்டியது. பக்கத்து அறைகளில் கிடந்தவர்களின் கோடுகளும் அப்போது தாழ்ந்தன என்று பணியாளர் வியந்து பேசினர். அவள் அதை அருள் என்றே எண்ணியிருந்தாள். இன்று நடப்பது மறு அளவை, இதுவே இறுதி.

அமலோற்பவம் தாள்களைப் பதியப் போனாள். காத்திருப்புக் கூடத்துக்குள் நாற்காலி உருண்டதும் குழலியின் கைகள் சக்கரத்தில் உறைந்தன. சுவர்களிலிருந்து அவளுடைய குரல் பாடிக்கொண்டிருந்தது. முதல் அளவையில் எழுந்த அதே பதிகம், நடுவே வலியில் வெடித்த அதே விம்மல்; மன்றம் அதைப் பதிவுசெய்து வைத்திருந்தது.

அருகில், இடக்கை முழங்கையோடு முடிந்த ஒருவன் கண்மூடி இருந்தான். அறுவடைப் பொறி ஓட்டும் சன்னாசி.

"கேட்டியளாம்மா? இல்லாத கை மூணு மாசமா என்னைத் தூங்க விடல. இங்க வந்து ஒக்காந்தேன், அடங்கிப்போச்சு. யாரு பாடினாங்களோ, அவங்க நல்லாருக்கணும்."

"நான்தான் பாடினேன், தம்பி. கேக்காதீங்க. காதக் கட்டிக்குங்க."

"ஏன், கேட்டா காசு வாங்குவீங்களா?"

"உங்க காசுதான் போகும். வலி அடங்கினா அளவு இறங்கும். அதுக்குத்தான் போட்டிருக்காங்க."

அவன் சிரிப்பு நின்றது. பிறகு துண்டின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, ஒற்றைக் கையால் காதுகளைச் சுற்றி இறுக்கினான். சிறிது நேரத்தில் நெற்றி வியர்த்தது; இல்லாத விரல்களைத் தேடி வலக்கை காற்றைப் பிசைந்தது. உண்மை சொன்னதன் பயனைக் குழலி கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

அவள் முறை வந்தது. அளவை அறையிலும் அந்தக் குரல் இருந்தது. இறைவனை மறக்க அவள் முயல வேண்டியிருக்கவில்லை. களவுபோன தன் பாட்டைக் கேட்கக் கேட்க, உள்ளே இறைவன் இருந்த இடம் பூசை நின்ற கருவறையாய் இருண்டது. வாழ்வில் முதன்முறையாக அவள் துணையின்றி நொந்தாள்.

"எண்பத்தேழு!" என்றான் அளவை அலுவலன். இளைஞன், இரக்கம் உள்ளவன். "இந்த வருஷத்துலயே இதான்மா அதிகம். வரம்பு வரைக்கும் முழுசாக் கெடைக்கும். எட்டு இலட்சம்."

"நாற்பதுக்கு மேல வரும்னாங்களே?"

"அது அப்ப. வழமைத்தொகை ரொம்ப இறங்கிடிச்சும்மா. பாட்டு போட்டதுலேர்ந்து வர்றவங்களுக்கெல்லாம் வலி கம்மியாத்தான் காட்டுது." அவன் குரலில் மெய்யான மகிழ்ச்சி இருந்தது. "நல்லதுதானம்மா?"

அவள் கைந்நாட்டுப் பலகையில் விரலை வைத்தாள்.

வெளியே பனி இறங்கியிருந்தது. அமலோற்பவம் நாற்காலியை வேம்பின்கீழ் நிறுத்திவிட்டு, முகம் திருப்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சற்றுப்பின் சன்னாசி வந்தான். துண்டு இன்னும் காதில் இருந்தது.

"எழுபத்தொம்பது வந்துச்சும்மா. பல்லக் கடிச்சிக் கெடந்தேன். ஆனா கைக்கும் அதே கதைதான். பழைய டிராக்டர்கூட வராது." துண்டை அவிழ்த்தான். வலக்கை மறுபடி காற்றைப் பிசைந்தது. "இங்க அளக்கிற ஆளு யாரும் இல்லல்ல?"

"இல்ல, தம்பி."

"அப்ப ஒரு தடவ பாடுவீங்களா? உள்ள பாதியிலயே கட்டிக்கிட்டேன்."

குழலி தன் கால்களைப் பார்த்தாள். அவை இனி எழா. மடியில் இருந்த திருநீற்றுப் பையைத் திறந்து நெற்றி நிறையப் பூசினாள். கோயில் இருந்த கிழக்கு நோக்கி நாற்காலியைத் திருப்பச் சொன்னாள். ஓராண்டாய் மறுத்த ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்பவள்போல் கைகுவித்து, அமர்ந்தபடியே கொல்லிப் பண்ணை எடுத்தாள். முதல் அடி உடைந்தது. மறுபடி எடுத்தாள், நின்றது. இருண்டு கிடந்த இடத்தில் யாரோ திரி தூண்டியதுபோல் இருந்தது.

பதிகம் முடிந்தபோது சன்னாசியின் வலக்கை காற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தது. அவன் தலை குனிந்தான். அவள் எட்டி அவன் நெற்றியில் நீறிட்டாள்.

"வலி தீரணும். இருக்கிற கை தழைக்கணும். வாழ்க, தம்பி."