காயாத கோச்சிப் பெட்டி

கொடிகாமத்தில் ரயில் பாதையை ஒட்டிய செல்வநாயகத்தின் தென்னங்காணிக்குள் எங்கள் வான் நுழைந்தபோது நல்ல காலை வெயில். வாசலில் செவ்வரத்தை பூத்திருந்தது. திருநீறும் வெள்ளை வேட்டியுமாக வந்து வரவேற்ற செல்வநாயகம் தன் கையாலேயே இளநீர் வெட்டித் தந்தார். பயப்படும்படி அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

பெட்டி காணியின் பின்மூலையில் நின்றது. பழைய சாமான் கோச்சிப் பெட்டி, சரக்கு ரயிலில் கொழுவுவது. சுற்றிவர இரும்புத் தகடு, ஜன்னல் கிடையாது, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஒரே ஒரு கதவு. சண்டையில் ரயில் நின்றுபோய்த் தண்டவாளங்களும் கழன்றுபோன காலத்தில் யாரோ இழுத்து வந்து விட்டது. சில்லுகள் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கியிருந்தன.

என் கணவர் எமில்ராஜுக்கு ரயில் என்றால் பைத்தியம். குருநகரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த மனிதருக்குக் கடல்மேல் வராத ஆசை தண்டவாளத்தின்மேல் வந்தது. இங்கிலாந்தில் டார்பிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சனி ஞாயிறென்றால் அங்கே ஒரு பழைய ரயில் சங்கத்துக்குப் போய் நீராவி எஞ்சின் துடைப்பார். சங்கத்துக்கு மாதப் பத்திரிகை ஒன்று உண்டு. எந்த எஞ்சின் திருத்தி முடிந்தது, எந்த ஊரில் எந்த ஞாயிறு நீராவி வண்டி ஓடும், எந்தப் பழைய பெட்டி எவருடைய தோட்டத்தில் கோழிக்கூடாகக் கிடந்து அகப்பட்டது என்று பக்கம் பக்கமாக வரும். அதை நடத்துகிறவர் நோர்மன் என்ற ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்.

முந்தின வருடம் கல்யாணம் ஒன்றுக்கு ஊர் வந்தபோது எமில்ராஜ் எடுத்த இந்தப் பெட்டியின் படத்தை நோர்மன் பத்திரிகையில் போட்டார். அடிச்சட்டத்தைப் பார்த்து இது பேர்மிங்காமில் செய்தது என்று ஒருவர் எழுத, சங்கமே துள்ளியது. ஒரு வாரம் போய்ச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பது என்று முடிவாயிற்று. அடுத்த தை மாதம் சங்கத்தவர்கள் யாழ்ப்பாண ரயில் பார்க்க வரும்போது பெட்டிக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுக்கவைக்கலாம் என்றது செல்வநாயகத்தின் யோசனை. நோர்மனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நோர்மனும் எமில்ராஜும் புறப்பட, நானும் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தேன்.

கதவின் வெளித் தாழ்ப்பாளில் வேலிக்கம்பியைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக் கட்டியிருந்தது. துருவேறி ஒரே கட்டியாகியிருந்த அதை நோர்மன் குறட்டால் வெட்டினார். வெட்டத் தொடங்கியதும் செல்வநாயகம் வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

நான் முதியோர் வார்டில் தாதி. மலம், சலம், சீழ், சத்தி எதற்கும் முகம் சுளித்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் போய்த் துடைத்துவிட்டு, கைகழுவி வந்து மிச்சத்தைச் சாப்பிடுவேன். அதனால்தான் சொல்கிறேன், எனக்கு அந்த நாற்றத்தைத் தெரியும். அது வௌவால் எச்சமோ செத்த எலியோ அல்ல. நாட்கணக்காக வயிற்றால் போய், உடம்பில் நீர் வற்றி, துடைக்க ஆளில்லாமல் கிடக்கும் நோயாளியின் நாற்றம். இனிப்பும் புளிப்புமாகத் தொண்டையில் ஒட்டும் நாற்றம். ஒருவருடையதல்ல. ஒரு வார்ட் நிறைந்த ஆட்களுடையது.

உள்ளே ஒன்றுமே இல்லை. பலகைத் தரை, இரும்புச் சுவர். சிலந்தி வலை இல்லை, பல்லி இல்லை, ஒரு எறும்புகூட இல்லை. வௌவால் நாற்றம்தான், காற்றுப்பட்டால் போய்விடும் என்று நோர்மன் சொன்னார். இலையான்கள் ரீங்கரித்துக்கொண்டு கூட்டமாக வந்தன. ஆனால் ஒன்றும் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

அன்றே வெளிப்புறம் முழுவதையும் சுரண்டிச் செங்காவி நிறம் அடித்தார்கள். நல்ல வெயிலில் மத்தியானத்துக்குள் காய வேண்டிய பெயின்ற். மறுநாள் போய்ப் பார்த்தபோது காயாமல் ஈரமாகவே இருந்தது. கதவைச் சுற்றிக் கோடுகோடாக வழிந்து, கீழே தடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பெயின்ற் பழசாக இருக்கும் என்றார் நோர்மன். நான் உள்ளே ஏறிச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

சுவர் வியர்த்திருந்தது.

பனியில் நனைந்த இரும்பு குளிரும். இது வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று, காய்ச்சல்காரரின் முதுகைத் தொட்டாற்போல் இருந்தது. கையை எடுத்தபோது விரலிலிருந்து மெல்லிய நூல் இழுபட்டது. முகர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் அந்த மணம் கையை விட்டுப் போகவில்லை. மத்தியானம் செல்வநாயகத்தின் மனைவி பூரணம் சோறும் மீன்குழம்பும் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு சீப்புக் கதலிப் பழம். எனக்கு வாய்வரை கை போகவில்லை. நோர்மன் பெட்டிக்குள் கால்நீட்டி இருந்து சாப்பிட்டு, இப்படிப் பழம் தன் வாழ்நாளில் தின்றதில்லை என்று புகழ்ந்தார். பிறகு பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். அது சற்று முன்புதான் நான் நிரப்பிக் கொடுத்தது. இப்போது அடியில் ஒரு மிடறுதான் கிடந்தது. அவர் அதை அண்ணாந்து வாயில் ஊற்றினார்.

போத்தலின் வாய் முழுக்க வெள்ளையாக, தடித்த எச்சில் படிந்திருந்ததை நான் கண்டேன். அவர் உதட்டுக்கும் போத்தலுக்கும் நடுவில் அது நூலாக நீண்டு அறுந்தது.

அவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

எமில்ராஜிடம் சொன்னேன். வெயிலில் உனக்குத் தலை சுற்றுகிறது, அதுதான் என்றார். உட்சுவரைச் சுரண்டி முடிக்கவேண்டும் என்று சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் வெளியே ஒரு தென்னங்குற்றியில் இருந்தேன். சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சத்தம் நின்றது.

காற்றில்லை. கதவு தானாக மெல்ல நகர்ந்து மூடியது.

ஓடிப் போய் இழுத்தேன். பூட்டியதுபோல் நின்றது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே அவர் கத்தவில்லை, தட்டவில்லை. மிகப் பக்கத்தில், தகட்டுக்கு அந்தப் பக்கம், சளக்குச் சளக்கென்று ஒரு சத்தம். பூனை பால் குடிப்பதுபோல. ஒரு பூனையல்ல.

மாதாவே என்று சொல்லிக்கொண்டு முழுப்பலத்தோடு இழுத்தபோது கதவு திறந்தது. எமில்ராஜ் வாசலோடு ஒட்டி, கைகளை உடம்போடு இறுக்கிக்கொண்டு நின்றார். முதுகு, கழுத்து, கக்கம் எல்லாம் பளபளத்தன. அது வியர்வையல்ல. வியர்வையை ஏதோ ஒரு துளி விடாமல் எடுத்திருந்தது. நக்கிய இடமெல்லாம் எச்சில்.

இறங்கும்படி கையை நீட்டினேன். அவர் என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"மேர்சி, உள்ளுக்கை நிக்க இடமில்லை."

அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளி வாளியாக ஊற்றினேன். பூரணம் துவாய் கொண்டுவந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா ஒன்றும் கேட்காததிலிருந்தே அவருக்கு ஏதோ தெரியும் என்று எனக்கு விளங்கியது. தாழ்ப்பாளில் கம்பி கட்டியது யார் என்று கேட்டேன்.

பூரணம் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார். தொண்ணூற்றைந்தாம் ஆண்டுச் சண்டையில், பெரிய இடப்பெயர்வின்போது யாழ்ப்பாணமே மழைக்குள் நடந்து இந்தத் தென்மராட்சிப் பக்கம் வந்ததாம். காணி முழுக்கச் சனம். ஒதுங்க இடமில்லாத சில குடும்பங்கள் பெட்டிக்குள் ஏறின. பிறகு அவர்களுக்கு வயிற்றோட்டம் வந்தது. இறங்கி வரும் வழியெல்லாம் அசுத்தம். மற்றச் சனம் அருவருத்தது, கிணற்றில் தொற்றிவிடும் என்று பயந்தது.

"நாத்தம் தாங்கேலாது, பிள்ளை. தண்ணி தண்ணியெண்டு கத்தினவை. இவர்தான் போய்க் கம்பியைக் கட்டினவர். காலமை திறப்பம் எண்டுதான்."

"திறந்தனீங்களோ?"

"காலமையும் கத்தினவை. அடுத்த நாள் சத்தமில்லை. சத்தமில்லாட்டி பிறகென்னத்துக்குத் திறக்கிறது?"

மழை விட்டபிறகு செல்வநாயகம் தனியாகப் போய்த் திறந்து, கழுவி, திரும்பவும் கட்டினாராம். அவர்களை என்ன செய்தார் என்று கேட்டேன். பூரணம் வாயால் சொல்லவில்லை. கிணற்றுக்குப் பின்னால் பார்த்தார்.

அங்கே கதலி வாழைகள் கொழுத்து, குலை தள்ளி நின்றன.

அத்தனை வருட உத்தியோகத்தில் முதன்முதலாக நான் சத்தி எடுத்தேன். குடல் வெளியே வருமளவு எடுத்தேன்.

செல்வநாயகத்திடம் நேரே போனேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மரியாதையாக, குழந்தைக்கு விளங்கப்படுத்துவதுபோல் சொன்னார்.

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை இருக்கிறனீங்கள், உங்களுக்கு விளங்கவேணும். அவ்வளவு நாத்தம். வீட்டிலை சாமி அறை இருக்கு."

சொல்லும்போது சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருக்கு அருவருத்தது. அவர்கள் செத்ததல்ல, அவர்கள் நாறியது. அந்தச் சால்வையையும் சுத்தமான வேட்டியையும் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் புழு ஊர்வதுபோல் இருந்தது. கட்டில்களுக்குச் சொல்லியாயிற்று என்று வேறு சொன்னார்.

நோர்மனுக்கு எமில்ராஜ் எல்லாவற்றையும் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றி, பரிதாபம் என்றார். பிறகு கண் மின்ன, இது பத்திரிகைக்கு நல்ல விஷயம், பேய் இருக்கும் பெட்டி என்றால் தை மாதத்துக்கு இன்னும் ஆட்கள் சேருவார்கள் என்றார். அவர் கெட்ட மனிதரல்ல. அதுதான் எனக்கு இன்னும் குமட்டியது.

புறப்படுமுன் நான் பெட்டிக்குள் ஏறினேன். வாளியில் தண்ணீரும் துணியும் கொண்டுபோய், வார்டில் ஒரு நோயாளியைத் துடைப்பதுபோல் சுவர்களைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஊறியது. முகத்துக்கு நேரே சூடான மூச்சுகள் பட்டன. நாற்றத்தில் கண் எரிந்தது. ஆனாலும் விடவில்லை. ஒரு பானை நிறைய நல்ல தண்ணீர் வைத்துவிட்டு, கதவை முழுதாகத் திறந்து, மூடாதபடி கல் அண்டக் கொடுத்துவிட்டு இறங்கினேன். கிராம அலுவலரிடமும் போய்ச் சொன்னோம். தோண்டுவதா வேண்டாமா என்று அது இன்றுவரை இழுபடுகிறது.

எமில்ராஜ் அதன்பிறகு சங்கத்துக்குப் போவதில்லை. கார்த்திகை மாதம் நோர்மன் விடாமல் அழைத்ததால், ஒரே ஒருமுறை, கூட்டத்துக்குப் போனோம். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் அன்று பேச்சு. பத்திரிகையின் முகப்பிலும் அதுதான். உள்ளே நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மண்டபம் நிறைய ஆட்கள். நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம்.

விளக்கை அணைத்துவிட்டுப் படங்களைத் திரையில் காட்டி நோர்மன் பேசத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒரு கிழவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் பின்னால் வந்தார். பிறகு இன்னும் இருவர். மெல்ல மெல்ல முன்வரிசை முழுவதும் வெறுமையாயிற்று. எங்கள் பக்கத்தில் வந்து நின்ற ஒருவர், சாக்கடை உடைந்திருக்கவேண்டும் என்று தன் மனைவியிடம் குசுகுசுத்தார்.

எமில்ராஜ் என் கையைப் பிடித்தார்.

நோர்மன் ஒன்றையும் கவனிக்கவில்லை. வெறுங்கதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசினார். இடையில் குனிந்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஏதோ சொன்னார்.

கூட்டம் முடிந்து விளக்குகள் எரிந்தன. எல்லோரும் அவசரமாக அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். முன்வரிசைக் கதிரைகள் அவர் நின்ற இடத்தை நோக்கி நெருக்கமாக இழுபட்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

நோர்மன் களைப்போடும் சந்தோஷத்தோடும் எங்களிடம் வந்தார். உங்கள் ஊர் ஆட்கள் இவ்வளவு பேர், அதுவும் பிள்ளை குட்டிகளோடு வருவார்கள் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றார். பாவம், மழையில் தெப்பமாக நனைந்து வந்து கடைசிவரை இருந்து கேட்டார்கள் என்றார்.

அன்று மழை பெய்யவில்லை.