புல்லாங்குழல் நின்ற இடம்

"எட்டு மாசம் உக்காந்து எழுதினது நான். இப்ப என்னையே மன்னிப்புக் கேக்கச் சொல்றாங்க!"

வந்தவள் ஓர் இசைத்தட்டையும் ஒரு கடிதத்தையும் மேஜைமேல் போட்டாள். துப்பறியும் அம்மாள் இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். அவருக்கு உதவியாளர் அவருடைய நாத்தனார்தான். விஷயம் தெரியும் முன்பே கோபப்பட்டுவிடுவது அவள் வழக்கம்.

"யாரு அண்ணி அந்தப் படுபாவி?"

"முதல்ல அவங்க சொல்லட்டும், நீ உக்காரு."

நாமே வீரனாகி ஊர் ஊராகச் சுற்றும் பழைய வீடியோ கேம் ஒன்றின் இசையை, அறுபது பேர் கொண்ட இசைக்குழு வாசிக்கும்படி விரித்து எழுதி ஆல்பமாக வெளியிட்டிருந்தார்கள். ஆல்பம் சக்கைப்போடு போட்டது. விரித்து எழுதியவர் என்று அட்டையில் இருந்ததோ குழுவை நடத்திய மாஸ்டரின் பெயர். "எழுதினது நான்" என்று வாயைத் திறந்த குற்றத்துக்கு, வெள்ளிக்கிழமைக்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலை போய்விடும் என்று அந்த மாஸ்டரே கடிதம் அனுப்பியிருந்தார். என்ன நெஞ்சழுத்தம்!

"நீங்க எழுதின தாள் இருக்குமே?" என்றார் அம்மாள்.

"எல்லாம் என் கையெழுத்துதான். ஆனா குழுவுல என் வேலையே பிரதி எழுதறது. மாஸ்டர் எழுதறதை வயலினுக்குத் தனியா, குழலுக்குத் தனியா பிரிச்சுக் குடுக்கணும். 'அப்ப அவ கையெழுத்து இல்லாம யார் கையெழுத்து இருக்கும்'னு சிரிக்கிறார்."

"மூல மெட்டு எப்படிக் கிடைச்சுது?"

"இசையமைப்பாளர் கைப்பட எழுதின தாளை மாஸ்டர் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார். 'கேமைப் போட்டுக் கேட்டுக்கோ'ன்னார். நான் வீட்டுல பழைய கேம் பெட்டியை டிவியில மாட்டிக் கேட்டுக் கேட்டு எழுதினேன்."

அம்மாள் இசைத்தட்டோடு இருந்த சிறுபுத்தகத்தைப் புரட்டினார். மாஸ்டரின் பேட்டி பெருமையாக இருந்தது: 'வீடியோ கேமை நான் தொட்டதே இல்லை. அது குழந்தைகள் சமாச்சாரம். இசையமைப்பாளரின் கையெழுத்துத் தாள் ஒன்றே எனக்கு ஆதாரம்.'

"இவளை எழுத வெச்சு, அவ விளையாடின விளையாட்டையும் மட்டம் தட்டியிருக்கான் அண்ணி!" என்று நாத்தனார் பொரிந்தாள்.

அன்று மாலை மூவரும் அந்தப் பெண்ணின் வீட்டு டிவி முன் இருந்தார்கள். முதலில் ஆல்பத்தில் 'காற்றாலை ஊர்' பகுதியைக் கேட்டார்கள். நடுவே புல்லாங்குழல் சட்டென்று நின்று, ஒரு மூச்சு நேரம் கழித்துத் தொடர்ந்தது. பத்திரிகைகளெல்லாம் புகழ்ந்த மௌனம் அது. பிறகு விளையாட்டைப் போட்டார்கள். வீரன் ஊருக்குள் நுழைந்ததும் மெட்டு தொடங்கியது. சற்று நேரத்தில் ஓரத்துக் காற்றாலை ஒரு சுற்றுச் சுற்றிக் கிறீச்சிட்டது. குழலும் அதே இடத்தில் நின்றது.

"வெளிய போய் மறுபடி நுழை" என்றார் அம்மாள். மூன்று முறை நுழைந்தார்கள். மூன்று முறையும் அதே கிறீச், அதே இடம். அம்மாள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவுக் கூடத்தில், ஆல்பத்தின் மறுபதிப்பைப் பார்வையிட இசையமைப்பாளர் வந்திருந்தார். அம்மாள் கேட்டுக்கொண்டபடி மாஸ்டரின் பீரோவிலிருந்த தாளும் மேஜைக்கு வந்திருந்தது. பிரதி எழுதும் பெண் சுவரோரமாக நின்றாள். மாஸ்டர் அவளுக்கு நாற்காலிகூடக் காட்டவில்லை.

"மாஸ்டர், காற்றாலை ஊர்ல குழல் நிக்குதே, அது உங்க யோசனையா?" என்று அம்மாள் சாதாரணமாகக் கேட்டார்.

"சேச்சே! ஐயா எழுதினது. தாள்ல இருக்கறதை நான் மாத்த மாட்டேன்."

இசையமைப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். "நான் எங்கய்யா நிறுத்தினேன்? குழல் பாட்டுக்கு ஓடுதே!"

மாஸ்டர் அவசரமாகத் தாளை எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கேம் பெட்டியில ஒரே நேரத்துல எத்தனை ஒலி வரும் ஐயா?" என்றார் அம்மாள்.

"நாலுதான். அஞ்சாவதா ஒண்ணு வந்தா, ஏதாவது ஒண்ணு வாயை மூடிக்கும்." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. "காற்றாலை! ஆலை கிறீச்சிட்டா குழல் நின்னுடும்!"

"ஆமா. அந்த மௌனம் கேம்ல மட்டும்தான் இருக்கு, தாள்ல இல்ல. தாளைப் பாத்து எழுதினவருக்கு அது வந்திருக்காது. கேமைக் கேட்டு எழுதினவங்களுக்குத்தான் வரும். மாஸ்டரோ கேமைத் தொட்டதே இல்லைன்னு அச்சடிச்சே குடுத்திருக்கார். தாளைப் பூட்டி வெச்சவர், அதை ஒரு தடவை பிரிச்சுப் பாத்திருந்தாக்கூட இன்னிக்கு மாட்டியிருக்க மாட்டார்."

"பிரிச்சுக்கூடப் பாக்கலையா!" நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "பூட்டறதுக்கு மட்டும் கை நீண்டுதாக்கும்?"

சுவரோரம் நின்றவளுக்கோ வேறு கவலை. "ஐயா, அப்ப நான் தப்பாத்தான் எழுதியிருக்கேன். திருத்திடட்டுமா?"

"தொடாதே. நீ எழுதினதுதான் நல்லா இருக்கு" என்று இசையமைப்பாளர் பென்சிலை எடுத்து, தம் தாளில் அந்த இடத்துக் குழல் சுரங்களைத் தாமே கோடு போட்டு அடித்தார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சரி, மறுபதிப்புல என் பேருக்குக் கீழ அவ பேரையும் சின்னதா போட்டுடலாம்."

சுவரோரம் நின்றிருந்தவள் நேராக மேஜைக்கு வந்தாள்.

"குழுவை நடத்தினது நீங்க. அதை எவ்வளவு பெரிசா வேணும்னாலும் போட்டுக்குங்க. எழுதினது நான். அந்த வரியில உங்க பேரு ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது."