பன்னிரண்டாவது மெசின்

கைபேசி அலறியது!

சிவலட்சுமியின் கால் மிதிபலகையில் அப்படியே நின்றது. பள்ளிக்கூடச் சட்டையின் கொலரில் ஊசி பாதி வழியில் குத்தி நின்றது.

தெரியாத இலக்கம்.

“ஹலோ...”

“சிவலட்சுமிதானே? பொலிஸ் ஸ்டேசன்ல இருந்து கதைக்கிறன். சப் இன்ஸ்பெக்டர் தர்ஷன்.”



“என்ன... என்ன விசயம் சேர்?”

“கமலாசனியின்ர தையல் நிலையத்தில வேலை செய்தனீங்களோ? வைகாசியில எரிஞ்சுதே... புதுக்குடியிருப்பில?”

“ஓ... ஓம்.”

“நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்கோ. கொஞ்சம் கதைக்கோணும்.”

தொடர்பு அறுந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். கறுப்பு நிற மெசின். நான்கு மாதமாக உடையார்கட்டு ஊரில், அவள் வீட்டு விறாந்தையில் ஓடிக்கொண்டிருக்கும் மெசின்.

கமலாசனியின் மெசின்!

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாளன்று நடந்தது அது. ஊரே கோயிலில். தையல் நிலையத்துக்கு விடுமுறை. மறந்துபோன கத்திரிக்கோலை எடுக்க மத்தியானம் அங்கே போனாள் சிவலட்சுமி. காவலாளி சுடலைமுத்துவும் பொங்கலுக்குப் போயிருந்தார். பின்கதவு பூட்டப்படவில்லை.

உள்ளே போனவள் திகைத்தாள்.

பன்னிரண்டு மெசின் இருந்த இடத்தில்... வெறும் நிலம்! பின்னறையில் ஒன்றே ஒன்று நின்றது. ஆறு வருடமாக அவள் மிதித்தது.

கமலாசனி தொழிலை மூடிவிட்டாள், வேலை செய்த பெண்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் விற்கிறாள் என்று நினைத்தாள். ஆத்திரம் தலைக்கேறியது. கணவன் பாலனுக்கு அழைப்பெடுத்தாள். பத்தாவது நிமிடம் அவனுடைய ஓட்டோ வந்தது. மெசின் ஏறியது.

அன்றிரவே தையல் நிலையம் தீப்பற்றி எரிந்தது!

மறுநாள் கமலாசனி மண்ணில் விழுந்து புரண்டாள். “பன்னிரண்டு மெசினும் சாம்பலாப் போச்சே!” பிறகு விரலை நீட்டினாள். “இந்தக் கிழவன்தான் கொழுத்தினவன்! வேலையால நிப்பாட்டுவன் எண்டு சொன்ன கோவத்தில!”

சுடலைமுத்து விளக்கமறியல் சிறைக்குப் போனார். இன்னும் அங்கேதான்.

தீப்பிடிக்குமுன்பே மண்டபம் வெறுமையாக இருந்தது சிவலட்சுமிக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் சொன்னால்... ‘உனக்கெப்பிடித் தெரியும்?’ என்று கேட்பார்களே!

சொல்லவில்லை.

பாலன் வந்ததும் வராததுமாக அவள் விசயத்தைச் சொன்னாள். அவன் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தான்.

“இப்பவே தூக்கு! நந்திக்கடல் தண்ணிக்குள்ள கொண்டுபோய்த் தாட்டிட்டு வாறன்.”

“தாட்டா? நான் களவெடுக்கேல்லை எண்டு ஆகிடுமோ?”

“களவு மட்டும் எண்டா பரவாயில்லையடியப்பா! களவை மறைக்க நீதான் கொழுத்தினனி எண்டு பொலிஸ் சொன்னா? என்ன செய்வாய்?”

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. எத்தனை தடவை கைபேசியில் தேடியிருப்பாள்... ‘முதலாளியிட்டக் களவெடுத்தா எத்தினை வருசம்?’ ஒவ்வொரு தடவையும் பாதி வாசித்துவிட்டு மூடிவிடுவாள். வீதியில் பொலிஸ் மோட்டார் சைக்கிள் போனால் மெசினுக்கு மேல் சேலையை எடுத்துப் போடுவாள்.

“மெசின் இஞ்சையே நிக்கட்டும்,” என்றாள்.

“உனக்கென்ன விசரோ?”

“தெரியாதப்பா. நிக்கட்டும்.”

மறுநாள் காலை ஒன்பது மணி.

பொலிஸ் நிலைய வாங்கில் முதலிலேயே ஒருத்தி இருந்தாள். மீனம்மா! சுடலைமுத்துவின் மனைவி. மடியில் ஒரு சாப்பாட்டுப் பொதி.

சிவலட்சுமி திரும்பி ஓடிவிட நினைத்தாள். அதற்குள் மீனம்மா கண்டுவிட்டாள்.

“வா பிள்ளை... உன்னையும் கூப்பிட்டவையோ? நல்லதாப் போச்சு. அவரைப் பற்றி ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லம்மா.”

“எப்பிடி இருக்கிறார் அக்கா?”

“கால் வீங்கிப் போச்சு. போனகிழமை என்னைக் கண்டிட்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டவர்... ‘ஊரில ஆரும் என்னை நம்புகினமோ?’ எண்டு.” அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “ஓம், எல்லாரும் நம்புகினம் எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தனான்.”

உள்ளிருந்து குரல் வந்தது.

“சிவலட்சுமி! உள்ளுக்கு வாங்கோ!”

சப் இன்ஸ்பெக்டர் தர்ஷன் இளைஞன். மேசையில் ஒரு கோப்பு. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எத்தினை வருசம் வேலை செய்தனீங்கள்?”

“ஆறு.”

“சுடலைமுத்து முதலாளியோட சண்டை பிடிச்சதைக் கண்டிருக்கிறியளோ?”

“இல்லை.”

“சரி. இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. அவ்வளவுதான். வேலை செய்த எல்லாரிட்டையும் எடுக்கிறம்.”

அவ்வளவுதான்!

அவளுக்கு நம்ப முடியவில்லை. மெசினைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது! கையெழுத்து வைத்தால் வீட்டுக்குப் போகலாம். மிச்சச் சட்டைகளைத் தைக்கலாம்.

பேனாவை எடுத்தாள். கதவுக்கு வெளியே மீனம்மாவின் வெடித்த பாதம் தெரிந்தது.

பேனாவை வைத்துவிட்டாள்.

“சேர்... நான் ஒரு களவெடுத்தனான்!”

தர்ஷன் இப்போதுதான் நிமிர்ந்தான்.

“என்ன?”

“கமலாசனியக்காவின்ர மெசின். நெருப்புப் பிடிச்ச அண்டைக்கு மத்தியானம். நான் போகேக்க மற்றப் பதினொண்டும் அங்கை இல்லை சேர்! அதுகள் எரியேல்லை. முதலே ஆரோ ஏத்திப்போட்டினம்!”

தர்ஷன் கதிரையை முன்னுக்கு இழுத்தான். 

“இதை ஏன் நாலு மாசமாச் சொல்லேல்லை?”

“பயம்.”

“இப்ப பயமில்லையோ?”

“இப்பவும் பயம்தான் சேர்.”

“களவுக்கு வழக்கு வரும். தெரியுமோ? உள்ளுக்கும் போகலாம்.”

“அவர் நாலு மாசமா உள்ளுக்குத்தானே இருக்கிறார்... ஒண்டும் எடுக்காமலே.”

 தர்ஷன் கைபேசியை எடுத்தான்.

பகல் பன்னிரண்டு.

பாலன் ஓட்டோவில் மெசினைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தான். யாரையும் பார்க்காமல் சுவரோரம் ஒதுங்கினான். பின்னாலேயே கமலாசனி வந்தாள். பட்டுச் சேலை. தங்கக் காப்பு. கதிரையை இழுத்து, கேளாமலே இருந்தாள்.

“என்ன தம்பி, அவசரமாக் கூப்பிட்டனீங்களாம்?”

“இது உங்கட மெசினோ அக்கா?”

ஒரு கணம்... ஒரே ஒரு கணம் அவளுடைய கண் சுருங்கியது.

“சீச்சீ! என்ர பன்னிரண்டும் எரிஞ்சு போச்சு. காப்புறுதிக் காசு தாறவையும் வந்து பாத்தவை.”

“அண்டைக்கு நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

“வவுனியாவில. சொந்தக்காரப் பிள்ளையின்ர சாமத்தியவீட்டுச் சடங்கு. முதல்நாளே போனனான். நெருப்பெண்டு கேள்விப்பட்டுத்தான் விடிய ஓடி வந்தனான்.”

“இவ சொல்லுறா, இந்த மெசினைத் தான்தானாம் எடுத்தது.”

கமலாசனி திரும்பினாள். சுவரோடு நின்ற சிவலட்சுமியை அப்போதுதான் கண்டாள்.

“நீயோ?”

“ஓம் அக்கா. நான்தான்.” சிவலட்சுமியின் குரல் உடைந்தது. “நான் எடுத்தது பிழை. ஆனா சுடலைமுத்தண்ணை ஒண்டும் எடுக்கேல்லை. அவர் பாவம் அக்கா... விட்டிடுங்கோ.”

“நீயோடி?” கமலாசனி துள்ளி எழுந்தாள். முகம் கொதித்தது. “அந்தக் கிழவன்தான் அடிச்சுக்கொண்டு போட்டான் எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சனான்! கடைசி மெசினை ஏத்த வந்த லொறிக்காரனையும் மறிச்சு வச்சுக்கொண்டு, பொழுதுபடுமட்டும் மூலைமுடுக்கெல்லாம் தேடினன்... கள்ளி! உனக்குக் கை நீளமடி!”

சொல்லி முடித்தாள்.

சொன்னது என்னவென்று பிறகுதான் அவளுக்கே விளங்கியது!

வாய் திறந்தபடி நின்றது. காப்புகள் கிலுங்கின. மெதுவாகக் கதிரையில் சரிந்தாள்.

வெளியே கதவோரம் மீனம்மா விம்மி அழும் சத்தம். சிவலட்சுமி அந்தப் பக்கம் பார்க்கக் கூசித் தலையைக் குனிந்தாள். அவளுடைய வழக்கு அப்படியேதான் இருந்தது. எப்படி முடியும் என்று தெரியாது. ஆனாலும் நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு முழுதாக வெளியே வந்தது.

தர்ஷன் புதிய தாள் ஒன்றை எடுத்தான். பேனா மூடியைக் கழற்றினான். முகத்தில் சிரிப்பே இல்லை.

“இவவின்ர கை நீளம்தான் அக்கா, அவவே ஒத்துக்கொண்டிட்டா. வவுனியாவில நிண்டுகொண்டு புதுக்குடியிருப்பில மூலைமுடுக்கெல்லாம் துழாவின உங்கட கை... அது எத்தினை மைல் நீளம் எண்டு எழுதட்டும்?”