பதினான்காம் எண்ணுக்கு மூன்று கார்டுகள்

கொக்கிரகுளத்தில் ஆற்றைப் பார்த்த ஒரு பழைய பங்களாவில் அந்தக் கல்லீரல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1993ஆம் வருஷம் பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரத்தம் பரிசோதிக்கும் வேலைக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஒரு வேப்பமரம், உள்ளே நீளமான கூடம், கூடத்தில் சுவரோரமாக ஒரு பெஞ்சு. பெஞ்சில் வரிசையாக வயிறுகள். மன்னிக்க வேண்டும், மனிதர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஈரல் கெட்டவர்களை முதல்முறை பார்க்கிறவன் கண்ணுக்கு வயிறுதான் முதலில் படும். கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் நீர் கோத்துப் பானைபோலத் தொங்கும்.

எனக்கு அருவருப்பு அதிகம். ரத்தம் எடுக்க வந்தவன் சொல்லக்கூடாத பேச்சு இது. ரத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வயிற்றில் ஊசி குத்தி வாளியில் இறக்கும் அந்த மஞ்சள் நீரை என்னால் பார்க்க முடியாது. அதைவிட மோசம் மூச்சு. ஈரல் முற்றிலும் கெட்டவன் வாயிலிருந்து ஒரு வாடை வரும். இனிப்பான வாடை. அழுகின மாம்பழக் கூடைக்குள் எலி ஒன்று செத்துக் கிடந்தால் வருமே, அது. ஒருதரம் மூக்கில் ஏறினால் சாப்பாட்டுத் தட்டுவரைக்கும் கூடவே வரும்.

டாக்டர் திருஞானசம்பந்தம் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். காபிகூடக் குடிக்க மாட்டார். பம்பாய்க் கம்பெனி ஒன்று ஈரலுக்குப் புது மாத்திரை ஒன்றைச் செய்து, இருபத்திரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தது. நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். செவ்வாய் தோறும் காலை பத்து மணிக்கு வருவார்கள். எடை பார்த்து, வயிற்றை டேப்பால் அளந்து, ரத்தம் எடுத்து, ஒரு வாரத்து மாத்திரையைச் சின்னப் புட்டியில் போட்டுக் கொடுப்பேன். காலிப் புட்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

பதினான்காம் எண், சீவலப்பேரி வைத்தியலிங்கம். வயல் வேலைக்காரர், ஐம்பது வயதிருக்கும். முதல் டவுன் பஸ்ஸிலேயே வந்துவிடுவார். நான் சொல்லாமல் பெஞ்சில் உட்கார மாட்டார். டாக்டரைச் சாமி என்று நினைத்த மனிதர். டாக்டருக்கும் அந்த நினைப்பு கொஞ்சம் உண்டு.

பக்கத்தில் பதினைந்தாம் எண், பாளையங்கோட்டை சாலோமி. வீட்டில் தையல் தைக்கிறவர், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாய். குடியை மோந்துகூடப் பார்க்காதவர். பிரசவத்தின்போது ஏற்றிய ரத்தத்தில் வந்த வினை. என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்ட ஒரே நோயாளி அவர்தான்.

பதினோராவது வாரம் வைத்தியலிங்கம் வரவில்லை. வியாழக்கிழமை அவர் மனைவி பேச்சித்தாய் வந்தார், முந்தானையில் புட்டியை முடிந்துகொண்டு.

"அய்யா, அவுக ஞாயித்துக்கெழம போய்ச் சேந்துட்டாக. கண்ணு ரெண்டும் மஞ்சக்கெழங்காட்டம் ஆயிட்டு. கடேசி வரைக்கும் ஒருவேள தவறாமத் தின்னாக. மிச்சம் நாலு மாத்திரை கெடக்கு. வேற யாருக்காவது ஆவும்லா, அதான் கொண்டாந்தேன்."

நாலு வாரமாகவே அவர் ரத்தத்தில் காமாலை மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. என் கையாலேயே எழுதி டாக்டர் மேஜையில் வைத்திருக்கிறேன். ஆராய்ச்சியின் விதி தெளிவானது. நோயாளி இறந்தால் அன்றைக்கே பம்பாய்க்குத் தந்தி போக வேண்டும். காரணம் தெரிகிறவரைக்கும் மற்றவர்களுக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டும்.

டாக்டரிடம் ஓடினேன்.

"குடிகாரப் பய. எங்கயாவது போய்க் குடிச்சிருப்பான்," என்றார்.

"தொட்டே ரெண்டு வருசம் ஆச்சாம் சார். மாத்திரைதான் சார். பதினஞ்சாம் நம்பருக்கும் அதே மாதிரி மஞ்சள் ஏறுது. அந்தம்மாவுக்காவது நிறுத்திருவோம்."

"ஏம்வே, ஒமக்கு டாக்டர் பட்டம் யாரு குடுத்தா? பதினாலுக்கு 'தொடர்ந்து வரவில்லை'ன்னு எழுதும். மூணு கார்டையும் போட்டுரும். பைல் சுத்தமா இருக்கணும்."

அதுவும் விதிதான். வராத நோயாளிக்கு வாரம் ஒரு தபால் கார்டாக மூன்று கார்டு போட்டுக் கூப்பிட வேண்டும். அதன் பிறகுதான் அவர் பெயரை அடிக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு எவ்வளவு ஒழுங்கான வழி, பாருங்கள். எட்டு மாதம் சும்மா அலைந்தபின் கிடைத்த வேலை எனக்கு. செத்து நாலு நாளான மனிதருக்கு என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'திரு. வைத்தியலிங்கம் அவர்களுக்கு, வரும் செவ்வாய் காலை பத்து மணிக்குத் தவறாமல் வரவும்.' இன்றைக்கும் அந்தக் கையைப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

அடுத்த செவ்வாய் கூடத்துக்குள் நுழைந்ததும் அந்த வாடை. அப்போது மணி ஒன்பதரை, நோயாளிகள் யாரும் வந்திருக்கவில்லை.

"பெருச்சாளி செத்துக் கெடக்கும் போல," என்று ஆயா பீரோவுக்கு அடியிலெல்லாம் விளக்குமாற்றைவிட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. இரண்டு வாளி பினாயில் ஊற்றிக் கழுவினாள். பினாயிலுக்கு மேலேயும் அது மிதந்தது. சரியாகப் பத்து மணிக்கு இன்னும் கனத்தது.

இரண்டாவது கார்டு போய்ச் சேர்ந்த மறுநாள் பேச்சித்தாய் மறுபடி வந்தார். உள்ளே வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றார்.

"இனி கார்டு போடாதீங்கய்யா. எங்களுக்கு எழுத்து தெரியாதுன்னு போஸ்ட்மேன் வாசல்ல நின்னு அவுக பேரச் சொல்லிச் சத்தமா வாசிக்காரு. பதினாறு கழியலையே. வாசல்ல நின்னு செத்தவுகளப் பேரு சொல்லிக் கூப்பிடலாமா? அவுக வராம என்ன செய்வாக?"

சரி என்றேன். அதற்கடுத்த வியாழக்கிழமை மூன்றாவது கார்டையும் எழுதிப் போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்டால், பைலில் மூன்று நகல் இருக்க வேண்டும், அதனால் போட்டேன். இதைவிடக் கேவலமான பதில் என்னிடம் இல்லை.

அடுத்து வந்த செவ்வாய் நல்ல கூட்டம். பெஞ்சில் இடமில்லாமல் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் சாலோமிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. நிற்கிறவர்கள் யாரும் அதில் உட்காரவில்லை. சாலோமி சேலையை ஒதுக்கிக்கொண்டு ஓரமாக ஒடுங்கியிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி அவங்களுக்கு எடம் குடுங்க."

அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். "ஆளு இருக்குல்லா தம்பி," என்றார் மெதுவாக.

நான் குனிந்துகொண்டு என் வேலையைப் பார்த்தேன். வயிற்றை அளக்கும் டேப் ஈரமாக இருந்தது. பிழிந்தேன். மஞ்சளாக ஒழுகியது. விரல்களை மூன்றுதரம் சோப்புப் போட்டுக் கழுவினேன், பிசுபிசுப்புப் போகவில்லை.

இருபத்தோரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். இருபத்தோரு கண்ணாடிக் குழாய்களைத் தாங்கியில் வைத்தேன். பரிசோதனை அறைக்குக் கொண்டுபோய் இறக்கியபோது எண்ணினேன்.

இருபத்திரண்டு.

பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஒரு குழாய். அதில் ஒட்டியிருந்த சீட்டில் '14'. என் கையெழுத்து.

தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

கூடத்தில் இருந்த யார் கையிலிருந்தோ இப்போதுதான் எடுத்ததுபோன்ற சூடு. ரத்தம் கீழே படிய, மேலே தெளிந்து நின்ற நீர் நல்லெண்ணெய் நிறத்தில் கெட்டியாக இருந்தது. மூடியைத் திறந்ததும் அந்த வாடை நேராக என் முகத்தில் அடித்தது. கழுவுதொட்டியில் போய் வாந்தியெடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டு அந்த ரத்தத்தையும் பரிசோதித்தேன். பழக்கதோஷம். மஞ்சளின் அளவு, அவர் உயிரோடிருந்த கடைசி வாரத்தைவிட மூன்று கூடியிருந்தது.

அடுத்த செவ்வாயும் குழாய் வந்தது. இன்னும் நாலு கூடியிருந்தது.

அதற்கடுத்த செவ்வாயும் வந்தது.

செத்துப்போனவர் ரத்தத்தில் நோய் முற்றிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் ஒரு குழாயைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். பிறகு, "யாரோ வெளையாடுதான். கொட்டிரும்," என்றார். கொட்டினேன். தொட்டியின் துளை அன்று முழுவதும் அடைத்துக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில் ஓர் அதிசயம் நடந்தது. சாலோமிக்கு மஞ்சள் இறங்க ஆரம்பித்தது. ஐந்து வாரத்தில் கண் வெளுத்து, முகத்தில் உயிர் வந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் புட்டியைக் காலியாகத்தான் கொண்டுவந்தார். அதன் உள்பக்கம் மட்டும் ஏதோ கோழைபோல ஒட்டியிருக்கும். நான் காகிதத்தால் பிடித்துத்தான் வாங்குவேன்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீராவே, மருந்து எப்படி வேல செய்யுது! இன்னும் நாப்பது பேருக்குக் குடுக்கலாம்னு பம்பாய்க்கு எழுதிட்டேன். அடுத்த வாரம் மாத்திரை வந்துரும்."

நாற்பது பேர். ஒரு பேச்சித்தாய்க்கே பதில் சொல்ல முடியாதவன், நாற்பது பேச்சித்தாய்க்கு எங்கே போவேன்? மறுநாள் பதினான்காம் எண் பைலைத் திறந்து, 'தொடர்ந்து வரவில்லை' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'இறந்தார்' என்று தேதியோடு எழுதினேன். என் பரிசோதனைக் கணக்குகளின் நகலோடு பம்பாய்க்குப் பதிவுத்தபாலில் அனுப்பினேன். டாக்டர் மேஜையில் ராஜினாமாவை வைத்தேன். இதையெல்லாம் முன்பே செய்திருக்க வேண்டும். செய்யாதவன் என்று என்னை நீங்கள் காறித் துப்பினாலும் நான் துடைத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு வேலை மிச்சமிருந்தது. சாலோமியிடம் மாத்திரையைத் தொடவேண்டாமென்று சொல்ல வேண்டும். குணமாவதுபோல் தெரிவதை நான் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் நிலையத்துக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிட வேண்டுமென்று சைக்கிளை மிதித்துப் பாளையங்கோட்டை போனேன். நல்ல வெயில். தெருவில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. சாலோமி வாசல்படியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த மாத்திரைய இனிமே திங்காதீங்க. அதைத் தின்னுதான் பதினாலாம் நம்பர் அண்ணாச்சி செத்துப் போனாரு. நான் அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லாம இருந்துட்டேன்."

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "நான் எங்க தம்பி தின்னேன்? ஆறு வாரமாச்சு, ஒண்ணுகூடத் திங்கல."

"புட்டி காலியா இருந்துச்சே?"

"எல்லாம் அண்ணாச்சிக்குத்தான் குடுத்தேன்."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கம் குனிந்தேன்.

"நீங்க எல்லாருக்கும் மாத்திரை குடுக்கீக, அவருக்கு மட்டும் குடுக்கல. மரத்தடியில நின்னு எங்கிட்டக் கேட்டாரு. 'வரச் சொல்லி மூணு கார்டு போட்டாக தாயி. வந்தா யாரும் ஏன்னு கேக்கல. மருந்து தராம அனுப்புதாக'ன்னு அழுதாரு. செத்தவருன்னு எனக்கு மொத நாளே தெரியும். வயித்துலேர்ந்து தண்ணி ஒழுகிக்கிட்டே நிக்காரு, அந்த வாடையில எனக்கு ஓங்கரிச்சுட்டு வந்துச்சு. ஆனா கைய நீட்டுதாரே தம்பி. எப்படி இல்லைன்னு சொல்ல?"

இவரைக் காப்பாற்ற வேண்டியவன் நான். நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஆறு வாரமும் இவருக்கான விஷத்தைத் தின்று தீர்த்தது, நான் கார்டு போட்டுக் கூப்பிட்ட பிணம். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

"இனி அவரு வரமாட்டாருக்கா. பைல்ல எல்லாத்தையும் சரியா எழுதிட்டேன்."

"அவருக்கு எழுத்து தெரியாதே," என்றார் சாலோமி. ஊசியை மடியில் குத்தி வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "எங்கிட்டயும் மாத்திரை தீந்துபோச்சு. இன்னைக்கு நீங்க வாரதப் பாத்ததும், 'தம்பிகிட்டயே கேளுங்க அண்ணாச்சி'ன்னு சொல்லிட்டேன்."

வெயிலோடு வெயிலாக அந்த இனிப்பு வாடை என் கழுத்தை வந்து தொட்டது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"அண்ணாச்சி," என்றேன். "மாத்திரை இனி கெடையாது. எல்லாம் முடிஞ்சு போச்சு. நீங்க போயிருங்க."

பின்னால் ஏதோ சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. வெகுநேரம் விழுந்துகொண்டேயிருந்தது. பிறகு மிகவும் பணிவான ஒரு குரல், என் காதுக்குப் பக்கத்தில்:

"மருந்து இல்லேன்னா போவுதுய்யா. இம்புட்டுத் தூரம் வந்ததுக்கு ரத்தமாவது எடுத்துக்கிடுங்க."

என் தோளை ஒட்டி, மஞ்சள் பாரித்த ஒரு கை முன்னால் நீண்டது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தார்.